எர்த் விளக்கு எரியும் மீட்டர்களை வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானக் கழகம்.

பொருள்: மின் கணக்கீட்டின்போது மீட்டரில் தெரியும் மின்கசிவு அறிகுறியை (எர்த் விளக்கு எரிவதை) பதிவு செய்து நுகர்வோருக்குச் சொல்ல வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கடந்த மழைக்காலத்தில் மின்கட்டணம் திடீரென ஏறியது. ஏ.சி. கிடையாது, புதிதாக எந்தப் பொருளும் வாங்கவில்லை. மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று பணம் கட்டிச் சோதிக்கச் சொன்னார்கள். மீட்டர் சரியாகவே இருந்தது. அப்புறம் ஒரு எலெக்ட்ரீஷியன் டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரன்டை அளக்கும் கருவி) பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்துக் கவ்விப் பார்த்தார். போன கரன்ட் முழுதும் திரும்பி வந்தால் அதில் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 1 ஆம்பியருக்கு மேல். மொட்டை மாடி லைட்டுக்குப் போகும் பைப்பில் மழைநீர் தேங்கி, ஜாயின்டில் சுற்றிய டேப் இற்றுப்போய், சுவர் வழியாகக் கரன்ட் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மாடியில்தான் குழந்தைகள் விளையாடுவார்கள்.

230 வோல்ட்டில் 1 ஆம்பியர் என்றால் 230 வாட். இரவு பகலாகக் கசிந்தால் 60 நாளில் 331 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டும் இதிலேயே கரைந்துவிடும். பணமாவது போகட்டும், உயிர்காக்கும் ஆர்.சி.டி. கருவி 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது. இங்கே அதைப்போல 30 மடங்குக்கும் மேல் கசிந்திருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் ஆர்.சி.டி. இல்லை. அளவுக்கு மீறிக் கரன்ட் போனால் மட்டும் இணைப்பைத் துண்டிக்கும் பியூஸ் கேரியரோ, எம்.சி.பி. சுவிட்சோ இவ்வளவு சிறிய கசிவுக்கு அசையாது.

இதில் வருத்தம் என்னவென்றால், மீட்டருக்கு இது முன்பே தெரியும். இப்போதுள்ள ஒருமுனை மின்னணு மீட்டர்கள் பலவற்றில் 'எர்த்' அல்லது 'இ.எல்.' என்று ஒரு சிறு சிவப்பு விளக்கு உண்டு. பேஸிலும் நியூட்ரலிலும் ஓடும் கரன்ட் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபட்டால் அது எரியும். அந்த வீட்டிலும் எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கும் மீட்டரை யார் குனிந்து பார்ப்பார்கள்? பார்த்தாலும் என்ன புரியும்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அதன் முன் நிற்பவர் கணக்கீட்டாளர் ஒருவர்தான்.

எனவே, ரீடிங் எடுக்கும்போதே எர்த் விளக்கு எரிகிறதா என்பதையும் அவர் குறித்துக்கொண்டு, எரிந்தால் கட்டணக் குறுஞ்செய்தியிலேயே ஒரு வரி சேர்த்து அனுப்ப ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்படிக் குறிக்கப்பட்ட வீட்டைப் பிரிவு அலுவலக ஊழியர் ஒருவர் டாங் டெஸ்டருடன் வந்து பார்த்துச் சொன்னால் போதும். எல்லா இடத்திலும் கசிவாகவே இருக்காது என்பதும் தெரியும். இன்வெர்ட்டர் போடும்போது பக்கத்து வீட்டு நியூட்ரலோடு கலந்துவிட்டாலும் அந்த விளக்கு எரியும். அதுவும் சரிசெய்ய வேண்டிய பிழைதான். மீட்டருக்கு அப்பால் உள்ள ஒயரிங் எங்கள் பொறுப்பு. பழுதுபார்க்கும் செலவை நாங்களே ஏற்கிறோம். எங்கே பழுது இருக்கிறது என்பது தெரிந்தால்தானே பார்க்க முடியும்?

எங்கள் தெருவில் இப்போது எர்த் விளக்கு எரியும் மீட்டர்களின் இணைப்பு எண்களைத் தனித்தாளில் இணைத்துள்ளோம். மழை தொடங்கும் முன் அவற்றையாவது முதலில் சோதித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்
(தெருவாசிகள் கையொப்பம் இணைப்பில்)