முதலில் தேடல், பிறகே நீக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக ஊடகப் பதிவுகளைத் தானியங்கியாக இடவும் நீக்கவும் தேடவும் வழி சொல்லும் குறிப்புகள் இப்போது அதிகம் வருகின்றன. பெரும்பாலானவை இடுவதில் தொடங்கி, நீக்குவதைத் தொட்டு, தேடலை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. வேலை செய்ய வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. தன் பதிவுகள் மொத்தமும் தேடக்கூடிய வடிவில் கையில் இல்லாதவர் நீக்கும் நிரலைத் தொடவே கூடாது.

எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவரின் பதிவு வரிசையை ஏபிஐ, அதாவது நிரல்கள் தளத்தோடு பேசும் வழி, மூலமாகக் கேட்டால் கடைசி 3,200 பதிவுகள்தான் வரும். 20,000 பதிவு போட்டவர் நீக்கும் நிரலை ஓட்டினால், அது 3,200-ஐ அழித்துவிட்டு வேறு பதிவே இல்லை என்று நின்றுவிடலாம். மீதி 16,800 அப்படியே கிடக்கும். தேடிப் பிடிக்கலாம் என்றால் ஏபிஐயின் சாதாரணத் தேடல் கடந்த 7 நாள்களைத் தாண்டாது. ஆகவே கணக்கு அமைப்புகளுக்குள் போய்த் தரவுக் காப்பகத்தைக் கேட்டு வாங்குவதே முதல் படி. கேட்டவுடன் கிடைக்காது, தயாராக ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். வரும் ஜிப் கோப்பைப் பிரித்தால் ட்வீட்ஸ்.ஜேஎஸ் (tweets.js) என்ற கோப்பு இருக்கும். அது நிரல்கள் நேரடியாக வாசிக்கும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவம் அல்ல. தொடக்கத்திலிருந்து முதல் சமக்குறி வரை உள்ளதை வெட்டிய பிறகுதான் ஒழுங்காக வாசிக்க முடியும். பதிவுகள் ஏராளமாக இருந்தால் அடுத்தடுத்த பகுதிக் கோப்புகளும் இருக்கும். முதல் கோப்போடு நிறுத்திவிட்டு எண்ணிக்கை குறைகிறதே என்று தேடுபவர்கள் உண்டு.

பலர் கோட்டைவிடுவது, ஒவ்வொரு பதிவுக்கும் தளம் தரும் அடையாள எண்ணான பதிவு எண்ணில்தான். எக்ஸின் பதிவு எண்கள் இன்று 19 இலக்கம் கொண்டவை. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை முழு எண்களைப் பிழையின்றி வைத்திருப்பது ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான். விரிதாள் செயலிகளோ 15 இலக்கத்தோடு நின்று மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். பட்டியலைச் சரிபார்க்க ஒருமுறை விரிதாளில் திறந்து சேமித்தாலே போதும், எண்கள் கெட்டுவிடும். எண்ணைக் கடைசிவரை எழுத்துச்சரமாகவே, அதாவது எண்ணாக மாற்றாமல் வெறும் உரையாகவே, வைத்திருக்க வேண்டும்.

கெட்ட எண்ணை அனுப்பினால் தளம் 404, அதாவது அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் தரக்கூடும். நீக்கும் நிரல் எழுதுவோர் வழக்கமாக 404 வந்தால் ஏற்கெனவே நீக்கப்பட்டது என்று கணக்கில் வைத்து மேலே போகிறார்கள். தனியாகப் பார்த்தால் அது நியாயமான ஏற்பாடுதான். இரண்டும் சேரும்போதுதான் விபரீதம்: ஒரு பதிவுகூட நீங்காமலேயே நிரல் எல்லாம் முடிந்தது என்று அறிக்கை தரும். எனவே 404-களைத் தனிக் கோப்பில் எழுதுங்கள். ஓட்டத்துக்கு முன் பட்டியலின் பல இடங்களிலிருந்து ஐந்தாறு எண்களை எடுத்து உலாவியில் திறந்து, பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். நீக்கிய பிறகு அதே முகவரிகளை மறுபடி திறந்து பாருங்கள்.

இந்த எண்ணில் ஒரு வசதியும் உண்டு. நவம்பர் 2010-க்குப் பிந்தைய எண்களில் நேரம் பொதிந்திருக்கிறது. எண்ணை 41,94,304-ஆல் வகுத்து, முழுப்பகுதியுடன் 1288834974657-ஐக் கூட்டினால் பதிவிட்ட நேரம் யுனிக்ஸ் மில்லிவிநாடியில், அதாவது 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் கணக்கில், கிடைக்கும். குறிப்பிட்ட ஆண்டுக்கு முந்தியவற்றை மட்டும் நீக்க இதுவே போதும்.

வேகம் தளத்துக்குத் தளம் மாறும். தனித்தனிச் சேவையகங்கள் பல இணைந்த தளமான மாஸ்டடானின் இயல்பு அமைப்பில் 30 நிமிடத்துக்கு 30 நீக்கங்கள்தான். 10,000 பதிவை அழிக்க ஏறக்குறைய ஏழு நாள் ஓட வேண்டும். எக்ஸ் போன்ற இன்னொரு தளமான புளூஸ்கை செயல்களைப் புள்ளிகளால் அளக்கிறது, வரம்பு மணிக்கு 5,000 புள்ளி, நாளுக்கு 35,000 புள்ளி. ஒரு நீக்கத்துக்கு ஒரு புள்ளி என்பதால் அதே 10,000 பதிவுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் நிரல் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உள்நுழைந்தால் 5 நிமிடத்துக்கு 30 உள்நுழைவு என்ற வரம்பில் உடனே முட்டும். ஒருமுறை உள்நுழைந்து அந்த அமர்வையே பயன்படுத்த வேண்டும். வரம்பு மீறப்பட்டது என்று பொருள்படும் 429 என்ற பதில் வந்தால் உடனே மறுபடி முயல்வது வீண். எப்போது திரும்பக் கேட்கலாம் என்பது பதிலின் தலைப்புப் புலத்திலேயே இருக்கும். அதுவரை நிரல் தூங்கட்டும்.

நீக்கும் ஒவ்வோர் எண்ணையும் உடனுக்குடன் குறிப்பேட்டுக் கோப்பில் எழுதினால், பாதியில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விலக்குப் பட்டியல் ஒன்றும் வேண்டும்: மேலே குத்தி வைத்தவை, பிறர் இணைப்புக் கொடுத்தவை. மறுபகிர்வையும் விருப்பக்குறியையும் எடுப்பதற்குத் தனி அழைப்புகள் உண்டு, பதிவு நீக்கத்தோடு அவை எல்லாம் போய்விடாது. மாஸ்டடான் பயனர்களுக்கு நிரலே தேவையில்லை. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய பதிவுகளை விலக்குகளோடு நீக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. ஆனாலும் உங்கள் சேவையகம் அனுப்பும் நீக்கச் செய்தியை மற்றச் சேவையகங்கள் எல்லாம் மதிக்கும் என்று உத்தரவாதமில்லை. திரைப்பிடிப்புகளுக்கும் இணையக் காப்பகங்களுக்கும் அந்தச் செய்தியே போகாது.

இனி தேடல். தமிழில் எழுதுவோருக்கு இங்கேதான் தனிச் சிக்கல். பைதான் நிரல்மொழியின் இயல்பான வடிவத் தேடலில் (regex) சொல்லெழுத்தைக் குறிக்கும் \w என்ற குறி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. #தமிழ் என்ற குறிச்சொல்லைப் பிடிக்கச் சொன்னால் #தம என்று அறுத்துத் தரும். எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் தமிழுக்குரிய வீச்சை நேரடியாக எழுதிக் கொடுப்பதே தீர்வு. எஸ்கியூலைட் (SQLite) என்ற சிறு தரவுத்தளத்தின் முழு உரைத் தேடலான எஃப்டிஎஸ்5-க்கும் இதே கோளாறு. இயல்பு அமைப்பில் அதுவும் உயிர்மெய்க் குறியில் சொல்லை வெட்டும். அட்டவணை உருவாக்கும்போதே குறிவகைகளையும் எழுத்தாகச் சேர்க்கும்படி சொல்ல வேண்டும், அல்லது உரையை மும்மூன்று குறியீடுகளாக நறுக்கித் தேடும் மூன்றெழுத்துத் துண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழுக்குப் பின்னதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’ சிக்காது என்பதால் பகுதிச் சொல்லைக் கொண்டு தேடும் வசதி எப்படியும் தேவை. மூன்று குறியீட்டுக்கு (உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளே) குறைந்த சொல்லுக்கு மட்டும் அந்த முறை உதவாது. ‘மர’ என்று தேட எல்லா வரியையும் நேராக அலச வேண்டியதுதான். சில ஆயிரம் பதிவுகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இன்னொன்று, ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரு குறியீடாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இத்தகைய இரு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இது தீரும். ‘கௌ’ எழுத்தில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் இயல்பாக்கமும் காப்பாற்றாது, தனியே மாற்ற வேண்டும்.

பதிவிடுவது இவற்றோடு ஒப்பிட எளிது. நீளத்தை மட்டும் தளத்துக்கேற்ப அளக்க வேண்டும். ‘கொடுத்தான்’ என்பது கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும் புளூஸ்கை கணக்கில் 5, குறியீட்டை எண்ணும் எக்ஸ் கணக்கில் 10. வரம்பு முதலாவதில் 300, இரண்டாவதில் இலவசக் கணக்குக்கு 280. இணைப்பு எவ்வளவு நீளமானாலும் எக்ஸ் அதை 23 என்றே எண்ணும். புளூஸ்கையில் ஏபிஐ வழியாக இணைப்பு இடுவோர் அது தொடங்கும், முடியும் இடங்களை எழுத்தெண்ணிக்கையில் அல்ல, யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையின் பைட்டுகளில் சொல்ல வேண்டும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். எழுத்தை எண்ணிக் கொடுத்தால் இணைப்பு வாக்கியத்தின் வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். ஃபேஸ்புக்கில் தனிநபர் பக்கத்துக்கு நிரல்வழிப் பதிவு 2018-லேயே மூடப்பட்டுவிட்டது. அதைச் செய்து தருவதாகச் சொல்லும் கருவிகள் பெரும்பாலும் உலாவியை ஆட்டிவைப்பவை, கணக்கு முடங்கும் ஆபத்து உங்களுடையது.

ஒரே பதிவு இரண்டு முறை விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பதிவு ஏறிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது, நிரல் தோல்வி என்று நினைத்து மறுபடி அனுப்பியது. மாஸ்டடானில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனிச் சாவியைக் கோரிக்கையின் தலைப்பில் வைத்து, மறுமுயற்சியிலும் அதே சாவியை அனுப்பினால் சேவையகம் இரண்டாவது பதிவை உருவாக்காது. அந்த வசதி இல்லாத தளங்களில், மறுமுயற்சிக்கு முன் கடைசிச் சில பதிவுகளை வாசித்து ஒப்பிட வேண்டும். பதிவிட நேரம் குறிப்பதை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூர் நேரத்தில் வைத்தால், ஆண்டில் இருமுறை கடிகாரத்தை முன்பின் நகர்த்தும் ஊர்களில் அந்த இரவின் பதிவு விடுபடும் அல்லது இரட்டிக்கும்.

இப்படிக்கு,
நிரலாக்கத் துறை வாசகர்