லண்ட் படகு பேச்சுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். நம்ம தமிழ்ப் பள்ளி விழாவுல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து லண்ட் கம்பெனி, அதான் அலுமினிய மீன்பிடிப் படகு செய்றவங்க, எப்படி வளந்தாங்கன்னு நான் பேசுனது நல்லா இருந்துச்சுன்னு நிறைய பேரு சொன்னீங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா அதுல பாதிக்கு மேல மத்தவங்க எனக்குச் சொல்லிக்குடுத்தது, மேடையில அவங்களைப் பத்திச் சொல்ல நேரமே கிடைக்கல, அதனால இங்க எழுதுறேன்.

முதல் நன்றி நியூயார்க் மில்ஸ் நூலகத்துல இருக்குற அம்மாவுக்கு. பேருதான் நியூயார்க், ஊரு மினசோட்டாவுல ஹைவே 10 ஓரமா இருக்கு, மொத்தமே 1,300 பேரு சுமாருக்குத்தான், ஃபின்லாந்துல இருந்து வந்து குடியேறுனவங்க வளத்த ஊரு. சுத்தி எங்க பாத்தாலும் ஏரி, அந்த ஆட்டர் டெய்ல் கவுண்டில, அதான் நம்ம மாவட்டம் மாதிரி, மட்டும் ஆயிரத்துக்கு மேல. நான் படகைப் பத்திக் கேக்கப் போனா அந்தம்மா ஊரு கதையில இருந்து ஆரம்பிச்சாங்க, அது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு எழுத உக்காந்தப்பதான் புரிஞ்சுச்சு. உலகப்போர் முடிஞ்சு விமானத்துக்குப் போய்க்கிட்டிருந்த அலுமினியம் மத்த வேலைக்குக் கிடைக்க ஆரம்பிச்ச நேரம், விமானம் செஞ்ச க்ரம்மன் கம்பெனியே அலுமினியத்துல கனூ, அதான் துடுப்புப் போடுற ஒல்லிப் படகு, செய்ய இறங்கிட்டாங்க, இங்க ஹோவர்ட் லண்ட் 1948ல தனக்குன்னு மீன்பிடிக்கவும் வாத்து வேட்டைக்கும் சின்னதா ஒரு படகு செஞ்சாரு, அதைப் பாத்துட்டு வெளிய இருந்து ஆர்டர் வந்துச்சு, அங்க இருந்துதான் கம்பெனி.

அடுத்து, பேரு போட வேணாம்னு சொன்ன அந்த ரிட்டயர்ட் தம்பதி. படகு வேலையில ரிவிட், அதான் தகடுங்களைச் சேத்துப் பிடிக்கிற ஆணி, அடிச்சவங்க. காபி போட்டுக் குடுத்து, பழைய தகடு ரெண்டை எடுத்து வச்சு செஞ்சே காட்டுனாங்க. ஒருத்தர் வெளிய நின்னு ரிவிட் அடிக்கிற கன் மெஷினால அடிக்கணும், இன்னொருத்தர் உள்ள இருந்து இரும்புக் கட்டையை ரிவிட் வால்ல அழுத்திப் பிடிக்கணும், அந்த வாலு நசுங்கித்தான் பிடிக்கும், கட்டை கொஞ்சம் சாஞ்சாலும் ரிவிட் கோணிக்கும். காதுல அடைப்பு, பேச முடியாது, கையில வர்ற அதிர்வுலயே அடுத்தவரு எங்க நிக்கிறாருன்னு தெரிஞ்சிரும்னு அந்தம்மா சொன்னப்ப எனக்குச் சிலிர்த்துருச்சு. ஒரு படகுக்கு எத்தனை ரிவிட் பாருங்க! என்னைக் கேட்டா லண்ட் வளந்ததுக்கு முதல் காரணம் இந்த ஜோடிக் கைங்கதான், விளம்பரம் எல்லாம் அப்புறம்.

எழுதுனதைப் படிச்சுத் திருத்துன தோழிக்குத் தனி நன்றி. லண்டும், க்ரெஸ்ட்லைனர்ங்கிற இன்னொரு படகு கம்பெனியும் 2004ல ப்ரன்ஸ்விக்ங்கிற பெரிய கம்பெனி கைக்குப் போனது, அவங்கதான் மெர்குரிங்கிற படகு இஞ்சினுக்கும் சொந்தக்காரங்க, அதனால படகும் இஞ்சினும் ஒரே வீட்டுப் பொருளாச்சுன்னு நான் உற்சாகமா எழுதி வச்சிருந்தேன். அதைப் படிச்ச தோழி, 2010ல லிட்டில் ஃபால்ஸ்ங்கிற ஊர்ல இருந்த ஃபேக்டரிய மூடித்தான் க்ரெஸ்ட்லைனர் வேலைய நியூயார்க் மில்ஸுக்குக் கொண்டு வந்தாங்க, ஒரு ஊரு வளர்ச்சிய சொல்லும்போது அந்த ஊரையும் சொல்லுங்கன்னு எழுதி அனுப்புனாங்க. சேத்தேன். அவங்க சொன்னது ரொம்ப சரி.

படகு கடை மெக்கானிக் அண்ணனுக்கும் ஊர்ல இருக்குற எங்க அப்பாவுக்கும் சேத்தே நன்றி சொல்லணும், ஏன்னா அப்பா ஃபோன்ல கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் அவருகிட்டதான் வாங்குனேன். அப்பா தூத்துக்குடி பக்கம் வள்ளத்துல தொழில் பாத்தவரு, கட்டுமரத்துல இருந்து ஃபைபர் வரைக்கும் பாத்துட்டாரு, அலுமினியம்னதும் உப்புத் தண்ணி தாங்குமான்னுதான் கேட்டாரு. மெக்கானிக் பொறுமையா சொன்னாரு, ஏரிக்குன்னு செய்ற ரிவிட் படகு வேற, கடலுக்கு 5083 மாதிரி கலவையில வெல்டிங் பண்ற படகு வேற, உப்புத் தண்ணிக்குள்ள அலுமினியத்தோட செம்பு பித்தளை ஒட்டி இருந்தா அலுமினியத்தைத்தான் அரிக்கும், அதனால, படகுக்குப் பதிலா தானே அரிஞ்சுபோய் அதைக் காப்பாத்துற மாதிரி வேற ஒரு உலோகத் துண்டை மாட்டி வைப்பாங்க. 20 அடிக்குக் குறைஞ்ச படகுக்குள்ள ஃபோம் அடைக்கிறது எதுக்குன்னும் அவருதான் சொன்னாரு, தண்ணி ஏறுனாலும் மூழ்காம மிதக்கணும், இங்க சட்டமே அப்படி. அதைக் கேட்டு அப்பா ரொம்ப நேரம் பேசல, அப்புறம், நல்ல சட்டம்பான்னாரு.

கடைசியா புள்ளைங்க. தகடுல ஓட்டை போட்டு நீங்களே ரிவிட் அடிச்சுப் பாத்தப்ப இருந்த சத்தத்துல ஹாலே அதிருச்சு, விழாவுல எனக்குப் பிடிச்சதே அதான். கையால ரிவிட் போடுற பாப் ரிவிட் கன் குடுத்த தம்பி, அது எங்கிட்ட பத்திரமா இருக்கு, சனிக்கிழமை கிளாஸுக்கு வரும்போது கொண்டாறேன், மிச்ச ரிவிட்டையும் சேத்து.