ஆண்டறிக்கை: மருந்துப் புட்டியும் எருமூட்டையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்கத்தின் மூத்த உறுப்பினர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்த அன்றே ஒரு தீர்மானமும் போட்டது. மாதம் ஒரு தலைப்பு என்று தாவிக்கொண்டிருக்காமல், ஆண்டு முழுக்க ஒரே பொருளைப் பிடித்துப் படிப்போம் என்பது அது. பொருளும் அன்றே முடிவாயிற்று: அந்தக் காலத்து அமெரிக்க, இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளுக்குள் புகுந்த பேட்டண்ட் மருந்துகள் (சேர்மானத்தை ரகசியமாக வைத்து விற்றவை), அவற்றோடு கைகோத்து வந்த விவசாய யோசனைகள். மருந்தையும் மண்ணையும் ஏன் ஒன்றாகக் கட்ட வேண்டும் என்று அன்று சிலர் கேட்டீர்கள். எனக்கும் அப்போது விடை தெரியாது. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன். அதனால் இந்த அறிக்கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மாதக் கூட்டங்களில் பத்து நடந்தன. ஒன்று மழையால் நின்றது. மற்றொன்று தேதி மாறியதை நான் எல்லோருக்கும் சொல்லாமல் விட்டதால் நின்றது. வந்து திரும்பிப் போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது தேதி மாற்றத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது.

முதல் கூட்டத்தில் பெயரிலிருந்தே தொடங்கினோம். பேட்டண்ட் மருந்து என்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை பேட்டண்ட், அதாவது காப்புரிமை, வாங்கியவையே இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சிலர் அரசரின் உரிமைப்பத்திரம் பெற்றது உண்மை. 1744இல் டர்லிங்டன் என்பவர் தம் 'உயிர்த் தைலத்துக்கு' அப்படி ஒன்று வாங்கினார். பின்னால் வந்தவர்கள் அந்த வழிக்கே போகவில்லை. காரணம் எளிது. காப்புரிமை வேண்டுமென்றால் உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிவிட்டால் ரகசியம் போய்விடும். ஆகவே பெயரையும் லேபிளையும் புட்டியின் வடிவத்தையும் பதிவுசெய்துகொண்டு, சரக்கை மட்டும் மூடியே வைத்தார்கள். விவசாயத்தில் நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1842இல் இங்கிலாந்தின் ஜான் லாஸ் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்கு வாங்கியது நிஜமான காப்புரிமை. பாஸ்பேட் உள்ள பொருளைக் கந்தக அமிலத்தில் கரைப்பது என்ற செய்முறை எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருந்தது. மறு ஆண்டே தம் ரோதம்ஸ்டெட் பண்ணையில் அவர் தொடங்கிய கோதுமைச் சோதனை வயல் இன்றுவரை தொடர்கிறது.

இரண்டாம், மூன்றாம் கூட்டங்கள் பஞ்சாங்கத்துக்குப் போயின. இந்த ஆண்டின் சாவி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அமெரிக்கக் கிராமத்து வீட்டில் பைபிளுக்கு அடுத்தபடி இருந்த அச்சுத்தாள் பஞ்சாங்கம்தான். 1792இல் ராபர்ட் தாமஸ் தொடங்கிய உழவர் பஞ்சாங்கம் இன்றும் வருகிறது. சூரியன் எழும் நேரம், நிலவின் பிறை, விதைக்கும் காலம், பசுவுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் அதில் இருக்கும். ஆணியில் மாட்டிவைத்து ஆண்டு முழுக்கப் புரட்டுவார்கள். மருந்து வியாபாரிகள் இதைப் பார்த்தார்கள். லோவெல் நகரத்து ஏயர் கம்பெனி 1850களிலிருந்து சொந்தமாகப் பஞ்சாங்கம் அச்சடித்து மருந்துக் கடைகள் வழியாக இலவசமாகக் கொடுத்தது. பல மொழிகளில், பல லட்சம் பிரதிகள். பிட்ஸ்பர்க்கின் ஹாஸ்டெட்டர் கம்பெனியும் அதையே செய்தது.

அப்படிப்பட்ட ஒரு பஞ்சாங்கத்தின் பக்கங்களை உறுப்பினர் ஒருவர் பெரிதாக அச்செடுத்து வந்து சுவரில் ஒட்டினார். அரைமணி நேரம் யாரும் உட்காரவில்லை, நின்றபடியே படித்தோம். ஒரு பக்கத்தில் மாத நாட்காட்டி. அதில் ஒரு பிழையும் இல்லை. சூரியோதயம் சரி, அமாவாசை சரி. எதிர்ப்பக்கத்தில் "சாகக் கிடந்தேன், மூன்று புட்டியில் எழுந்து உட்கார்ந்தேன்" என்கிற ரகத்துக் கடிதங்கள். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, மை ஒன்று, தாள் ஒன்று. அமாவாசை சொன்ன நாளில் வந்தது என்றால், அதே தாள் சொல்லும் மருந்தை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்? நிலவின் கணக்கும் விதைப்புக் காலமும் சம்பாதித்த நம்பிக்கையைப் புட்டி கடனாக வாங்கிக்கொண்டது. மருந்தையும் மண்ணையும் ஒன்றாகப் படிக்க வேண்டிய காரணம் இதுதான்.

புட்டிக்குள் என்ன இருந்தது? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909இல் பல ரகசிய மருந்துகளைப் பகுத்துப் பார்த்து வெளியிட்டது. மிகப் பெயர்பெற்ற மாத்திரை ஒன்றில் இருந்தவை பேதிக்குக் கொடுக்கும் கரியபோளம், சுக்குத்தூள், சோப்பு. இதாவது பேதியோடு போயிற்று. அமெரிக்காவில் கிளார்க் ஸ்டான்லி என்பவர் 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கூட்டத்தின் முன் விரியன் பாம்பைக் கொன்று 'பாம்பெண்ணெய்' விற்றார். அரசுச் சோதனையில் கனிம எண்ணெயும் மாட்டுக் கொழுப்பு போன்ற ஒன்றும் மிளகாய்க் காரமும் கிடைத்தன. பாம்பின் சுவடே இல்லை. தண்டம் 20 டாலர், அவ்வளவுதான். "மனிதனுக்கும் மிருகத்துக்கும்" என்று ஒரே புட்டியை வீட்டுக்காரருக்கும் குதிரைக்கும் விற்ற தைலங்கள் பலவும் இதே சேர்மானத்தில் வந்தவைதான். அவற்றை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கற்பூரமும் மிளகாயும் தேய்த்த இடம் சுள்ளென்று சூடேறும், கொஞ்ச நேரம் வலி தெரியாது. பொய் லேபிளில் இருந்தது: எல்லா நோய்க்கும் என்று.

லின் நகரத்து லிடியா பிங்கம் அம்மையாரின் கூட்டுமருந்து 1875இல் சந்தைக்கு வந்தது. பெண்களின் நோய்க்கென்று விற்ற அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாராயம். "அம்மையாருக்கு எழுதுங்கள்" என்று விளம்பரம் அழைத்தது. வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத துன்பங்களைப் பெண்கள் அவருக்கு எழுதினார்கள், பதிலும் வந்தது. 1905இல் ஒரு பத்திரிகை அவருடைய கல்லறையின் படத்தை வெளியிட்டது. அவர் 1883இலேயே இறந்திருந்தார்.

ஐந்தாம் கூட்டத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. வின்ஸ்லோ அம்மையாரின் அமைதி சிரப் 1849 முதல் விற்றது. பல் முளைக்கும்போது அழும் குழந்தைக்கு ஒரு கரண்டி. அதில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 65 மில்லிகிராம் மார்ஃபின் இருந்தது. ஓய்வுபெற்ற செவிலியரான நம் அக்கா ஒருவர், ஒரு கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினார். மார்ஃபின் குழந்தையின் வலியைக் குறைப்பதோடு நின்றுவிடாது, மூச்சையும் தணிக்கும். அழுகை நிற்கும், குழந்தை தூங்கும், தாய் நன்றி சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போவாள், சில குழந்தைகள் எழுந்திருக்காது. "தூக்கத்திலேயே போய்விட்டது என்று அந்தத் தாய் நினைத்திருப்பாள், தான் கொடுத்தது என்று கடைசிவரை தெரிந்திருக்காது" என்றார். அதற்குப் பிறகு அன்று யாரும் அதிகம் பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "அந்தக் காலத்துச் சனங்களை ஏமாளிகள் என்று பேசுகிறீர்களே, இது நியாயமா?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. அதை அறிக்கையில் பதியவேண்டும் என்று தீர்மானித்தோம், பதிகிறேன். வைத்தியர் இருந்த ஊர் வண்டிகட்டிப் போகும் தொலைவில். போய்ச் சேர்ந்தாலும் அவர் செய்தது ரத்தம் இறக்குவதும், ஈறு கழன்று பல் விழும்வரை ரசகற்பூரம் என்ற பாதரச மருந்தைக் கொடுப்பதும். கசப்பான புட்டி அதைவிட மென்மையாக இருந்தது. வாங்கியவர்கள் யோசித்தே வாங்கினார்கள். யோசிக்கத் தேவையான ஒரே தகவலைத்தான் விற்றவர்கள் மறைத்தார்கள்.

இனி மண்ணுக்கு வருகிறேன். விவசாய யோசனைகளிலும் நம்பத் தகாதவை ஏராளம். ஆனால் வயலில் பொய் ஒரு போகத்துக்குமேல் நிற்காது. பக்கத்து வயல் வேலியைத் தாண்டிப் பார்த்தாலே தெரியும். நோய் தானாகவே தீர்ந்ததா, மருந்தால் தீர்ந்ததா என்று ஒற்றை உடம்பில் பிரித்துச் சொல்ல முடியாது. வயலிலோ பாதியில் செய்து பாதியை விட்டுவைக்கலாம். நல்ல யோசனைகள் பல தற்செயலாகப் பிறந்து இப்படித்தான் தேறின. 17ஆம் நூற்றாண்டில் பிரிஸ்டல் அருகே கோதுமைக் கப்பல் ஒன்று கடலில் மூழ்கியது. உப்புநீரில் ஊறிய அந்தத் தானியத்தை விதைத்தவர்களின் வயலில் கரிப்பூட்டை நோய் வரவில்லை, சுற்றுவட்டாரம் முழுக்க வந்தது. அன்றிலிருந்து விதையை உப்புநீரில் நனைத்துச் சுண்ணாம்புத்தூளில் புரட்டி விதைக்கும் பழக்கம் பரவியது என்று இங்கிலாந்தின் விவசாய எழுத்தாளர் ஜெத்ரோ டல் எழுதிவைத்திருக்கிறார். 1807இல் பிரான்சின் பெனெடிக்ட் பிரெவோ, அந்த நோய் நுண்ணிய வித்துகளால் பரவுகிறது என்றும் மிகச் சிறிதளவு செம்பு கலந்த நீரே அவற்றை முளைக்கவிடாது என்றும் காட்டினார்.

செம்பின் கதை திராட்சையில் தொடர்ந்தது. பிரான்சின் மெடாக் பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுபோகாமலிருக்க, விஷம்போல் தெரியட்டும் என்று செம்பு உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். 1882இல் அடிச்சாம்பல் நோயில் தோட்டமெல்லாம் இலை உதிர்ந்து நின்றபோது, அந்தச் சாலையோர வரிசை மட்டும் பச்சையாக இருந்ததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை.

எட்டாம் கூட்டத்தில் அதை முற்றத்தில் செய்தே பார்த்தோம். உலோகம் ஆகாது என்பதால் இரண்டு பிளாஸ்டிக் வாளிகள், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர். ஒன்றில் 10 கிராம் மயில்துத்தம், மற்றதில் 10 கிராம் நீற்றாத சுண்ணாம்பு. சுண்ணாம்பு நீறி அடங்கியதும், நீலக் கரைசலை மெல்ல அதில் ஊற்றிக்கொண்டே மூங்கில் குச்சியால் கலக்கினோம். வானத்து நீலத்தில் பால்போலத் திரண்டு வந்தது. பிறகு பழைய இரும்புக் கத்தியை அதில் முக்கினோம். எடுத்தபோது அலகில் லேசான செம்பழுப்பு படிந்திருந்தது: செம்பு இன்னும் மிச்சம், இலை கருகும் என்று பொருள். ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு சேர்த்துக் கத்தியைத் தேய்த்துத் துடைத்து மறுபடி முக்கினோம். இம்முறை அலகு பளிச்சென்று வந்தது. தம்பி ஒருவர் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மருந்து சரியா என்று வாங்குகிறவனே பார்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறதே" என்றார். சிரப் புட்டிக்கு அப்படியொரு கத்தி இல்லையே என்று அக்கா சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

எருமூட்டை விஷயம் ஒன்பதாம் கூட்டத்தில் வந்தது. உரம் என்று எழுதி மண்ணையே மூட்டை கட்டி விற்றவர்கள் அப்போது உண்டு. அதைக் கத்தியால் கண்டுபிடிக்க முடியாது. கனெக்டிகட்டின் சாமுவேல் ஜான்சன் 1850களிலேயே கடை உரங்களை வாங்கிப் பகுத்து முடிவுகளைப் பகிரங்கமாக எழுதினார். அவருடைய விடாமுயற்சியால் 1875இல் அமெரிக்காவின் முதல் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையம் அங்கே பிறந்தது, உரச் சோதனை அதன் முக்கிய வேலையாயிற்று. 1887இல் எல்லா மாநிலங்களுக்கும் இத்தகைய நிலையங்கள் அமைக்க நிதி தரும் சட்டம் வந்தது. மார்ஃபினோ சாராயமோ இருந்தால் லேபிளில் எழுதியே தீரவேண்டும் என்ற தேசியச் சட்டம் 1906இல்தான் வந்தது. கனெக்டிகட் விவசாயியின் மூட்டைக்கு 1875இல் கிடைத்த பாதுகாப்பைக் குழந்தையின் புட்டி பெற 31 ஆண்டு ஆனது. இந்தக் கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. 1906க்குப் பிறகும்கூட, "குணமாகும்" என்ற பொய்யை அந்தச் சட்டம் தடுக்காது என்று 1911இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டு திருத்தம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பத்தாம் கூட்டத்தில் அமெரிக்க விவசாயத் துறைக்காகப் பணியாற்றிய சீமன் நாப். டெக்சாஸில் பருத்தியைக் கூன்வண்டு அழித்துக்கொண்டிருந்த 1903இல், டெரல் என்ற ஊரில் அரசுப் பண்ணை வைக்காமல் ஒரு விவசாயியின் சொந்த நிலத்திலேயே, அவர் கையாலேயே, சீக்கிரம் விதைப்பது, நன்றாகக் களையெடுப்பது என்று செய்துகாட்டச் சொன்னார். நட்டம் வந்தால் ஊரார் ஈடுசெய்வதாக ஒப்பந்தம். நட்டம் வரவில்லை. 1914இல் நாடெங்கும் வந்த விரிவாக்கப் பணிச் சட்டத்துக்கு இந்த வழிமுறையே அடிப்படை. இதைப் பற்றி இன்னும் ஒரு கூட்டம் வைத்திருக்க வேண்டும், நேரம் போதவில்லை.

மற்ற விவரங்கள் சுருக்கமாக. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நூலகத்தில் பழைய விவசாய இதழ்களின் கட்டுகள் கரையான் ஏறும் நிலையில் இருந்தன. இரண்டு ஞாயிறு உட்கார்ந்து தட்டித் துடைத்து இரும்பு அலமாரிக்கு மாற்றிய ஐந்து பேருக்கும் சங்கத்தின் நன்றி. சுவரில் ஒட்டிய பஞ்சாங்கப் பக்கங்களைக் கழற்ற வேண்டாம் என்று பலர் கேட்டதால் அவை அங்கேயே இருக்கின்றன.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு கோரிக்கை வைக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய மருந்துப் புட்டி, லேபிள், விளம்பரத்தாள், விவசாயத் துண்டுப்பிரசுரம் எது கிடந்தாலும் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். புட்டியைக் கழுவ வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் கசடு இருக்கட்டும், திறந்து முகர்ந்தும் பார்க்க வேண்டாம். யார் வீட்டில், யார் எதற்காக வாங்கியது என்று நினைவிருப்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் புட்டியின் கழுத்தில் நூலால் கட்டிக் கொடுங்கள். வாங்கிக்கொள்ள ஒவ்வொரு மாதக் கூட்டத்துக்கும் அரைமணி முன்னதாகவே நான் வந்துவிடுவேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்