தண்ணீர் மீது பழி போட வேண்டாம்: சுருங்காத உல்லன் நூல் பற்றி ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், அங்கே குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவருக்கும்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உங்களிடம் வாங்கிய கம்பளி நூல் சுடுதண்ணீரில் சுருங்கவில்லை என்பதுதான் என் புகார். ஆனால் முதல் பதிலில் எங்கள் ஊர்த் தண்ணீர் சரியில்லை என்றீர்கள், இரண்டாவதில் பின்னிய நூலைத் திரும்ப எடுப்பதில்லை என்றீர்கள். நான் கேட்ட ஒரே கேள்வியை இரண்டிலும் தொடவே இல்லை. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் விவரமாகவே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் இருப்பது பாம்பன். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கும், கையில் காசு புரளாது. அப்படி ஒரு தடைக்காலத்தில்தான் கம்பளித் தொப்பி பின்ன ஆரம்பித்தேன். போனில் பேசிய உங்கள் அலுவலகப் பெண், "ராமநாதபுரத்து வெயிலில் கம்பளித் தொப்பியா மேடம்" என்று சிரித்தார். சிரிக்கட்டும், எனக்கே முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தொப்பி இங்கே யாரும் போட்டுக்கொள்ள இல்லை, கொடைக்கானலில் ஒரு கடைக்குப் போகிறது. பின்னல் வேலை எங்களுக்குப் புதிதும் இல்லை. அப்பா வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து வலை ஊசியில் நூல் சுற்றிக் கொடுத்தே வளர்ந்தவள் நான். ஒரு கண்ணி பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் விழுந்தால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், பேசாமல் அறுத்துப் போட்டுவிட்டு மறுபடி பின்னச் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் மெரினோ கம்பளி நூல், 50 கிராம் உருண்டை, 30 உருண்டை வாங்கினேன். ஒன்று 240 ரூபாய், மொத்தம் 7,200. விற்பனைப் பக்கத்தில் "நூறு சதவீதம் கம்பளி, ஃபெல்டிங்குக்கு ஏற்றது" என்று போட்டிருந்தீர்கள், படத்தில் கெட்டியான ஃபெல்ட் தொப்பி ஒன்றையும் காட்டியிருந்தீர்கள். ஃபெல்டிங் என்றால் பின்னிய கம்பளியைச் சுடுதண்ணீரில் கசக்கிச் சுருக்கி, கெட்டித் துணி மாதிரி இறுக்குவது. இதே பெயர், இதே நிற எண்ணில் இதற்கு முன் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன், இரண்டு முறையும் அருமையாக வந்தது. அந்த நம்பிக்கையில்தான் பத்துத் தொப்பிக்கு ஆர்டர் பிடித்தேன்.

ஃபெல்ட் தொப்பி எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வந்த பதில்களைப் பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது. முதலில் தொப்பியை வேண்டுமென்றே பெரிதாகப் பின்னுவோம். நான் 6 மில்லிமீட்டர் வட்ட ஊசியில் 104 கண்ணி ஏற்றுவேன். பத்து சென்டிமீட்டருக்குப் பதினைந்து கண்ணி விழுகிற மாதிரித் தளர்வாகப் பின்னினால் சுற்றளவு ஏறக்குறைய 69 சென்டிமீட்டர் வரும். விளிம்பைத் தவிர மற்றதெல்லாம் சுற்றிச் சுற்றி வெறும் நிட் தையல்தான். வரிவரியாக விழுகிற ரிப், சடை மாதிரி முறுக்கிய கேபிள், பாசிமணி மாதிரி புள்ளி புள்ளியாக விழுகிற தையல் எல்லாம் சாதாரணக் குல்லாவுக்கு அழகாக இருக்கும், ஃபெல்ட்டில் போட்டால் அத்தனையும் உள்ளே அமுங்கிப்போய் உழைப்பு வீண். உச்சியில் 104 கண்ணியை எட்டுப் பங்காக்கிக் குறைத்துக்கொண்டே போய் முடிப்பேன். இந்த நிலையில் பார்த்தால் அது தொப்பியா, தேங்காய் போட்டு வைக்கிற பையா என்று சந்தேகம் வரும்.

பிறகுதான் சுடுதண்ணீர், சோப்பு, கசக்கல். தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி, பழைய ஜீன்ஸ் ஒன்றோடு மெஷினில் விடுவேன். எங்கள் மெஷினில் சூடாக்கும் வசதி கிடையாது, அடுப்பில் தண்ணீர் காய்ச்சி ஊற்றுவேன். கம்பளி இழையின் மேல் பொடிப்பொடியாகச் செதில் இருக்கிறது. மீனை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் கையில் இடறுமே, அந்த மாதிரி ஒரே திசையில் அடுக்கிய செதில். சூட்டிலும் சோப்பிலும் இழைகள் ஊறி, கசக்கக் கசக்க ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்பி வர முடியாமல் இறுகிவிடும், எண்ணெய் காணாத தலைமுடி சிக்குப் பிடிக்கிற மாதிரி. 69 சென்டிமீட்டர் 56-க்கு வந்துவிடும், உயரம் அதைவிட அதிகமாகச் சுருங்கும், கண்ணி கண்ணுக்கே தெரியாது. அந்த ஈரத்திலேயே 18 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி இழுத்துவிட்டால், எங்கள் ஊர்க் காற்றில் மறுநாள் தொப்பி ரெடி. அந்தத் தூக்கு மாமியார் வீட்டுச் சீர், அதற்கு இப்படி ஒரு வேலை வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த முறை நடந்தது வேறு. நான்கு தொப்பி பின்னி முடித்துச் சேர்த்தே மெஷினில் போட்டேன். எடுத்துப் பார்த்தால் கண்ணி கண்ணியாக அப்படியே இருக்கிறது. சரி, சூடு போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி போட்டேன். அப்புறம் கையாலேயே, சுடுதண்ணீரில் ஒரு முக்கு, பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு என்று முக்கால் மணி நேரம் துவைகல்லில் தேய்த்தேன். சுருங்கவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, 69 சென்டிமீட்டராக இருந்தது 74 ஆகிவிட்டது! போட்டுப் பார்த்தால் மூக்கு வரை இறங்குகிறது. ஐஸ் பெட்டிக்கு மூடியாகப் போடலாம் என்றார் வீட்டுக்காரர், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் லேட்டாகத்தான் கிடைத்தது.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. புது உருண்டை வந்ததும் சின்னத் துண்டு ஒன்று பின்னிச் சுருக்கிப் பார்த்திருக்க வேண்டும். அளவு மட்டும் பார்த்தேன், சுருக்கிப் பார்க்கவில்லை. இரண்டு முறை ஒழுங்காக வந்த சரக்குத்தானே என்ற எண்ணம். கேஸ் மிச்சமாகட்டும் என்று நான்கையும் சேர்த்துப் போட்டதும் நான்தான்.

இப்போது தண்ணீர் விஷயம். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு என்பது உண்மை, சோப்பு சரியாக நுரைக்காது என்பதும் உண்மை. அது தெரிந்துதான் தொப்பிக்கு எப்போதும் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீரை ஊற்றுகிறேன். ஆனாலும் நீங்கள் சொல்லிவிட்டீர்களே என்று ஒரு சோதனை செய்தேன். போன தடவை வாங்கியதில் ஒரு பழைய உருண்டை மிச்சமிருந்தது. அதில் இரண்டு துண்டு, புதியதில் இரண்டு துண்டு, எல்லாம் 30 கண்ணி, 40 வரிசை, எல்லாமே இருபதுக்கு இருபது சென்டிமீட்டர். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று நல்ல தண்ணீரில். மற்ற இரண்டும் உப்புத் தண்ணீரில், அதற்கு மட்டும் சோப்பு அதிகம். ஒரே சூடு, ஒரே நேரம். பழைய நூல் நல்ல தண்ணீரில் 16-க்கு 14 ஆகச் சுருங்கி அட்டை மாதிரி நின்றது. உப்புத் தண்ணீரில் பதினாறரைக்கு 15. உங்கள் புது நூல் இரண்டு தண்ணீரிலும் சுருங்கவே இல்லை, நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியே இருந்தது. போட்டோ நான்கும் இணைத்திருக்கிறேன், பக்கத்தில் இஞ்ச் டேப் வைத்தே எடுத்தது. இனி எங்கள் ஊர்த் தண்ணீரை விட்டுவிடுங்கள், அதன் மேல் ஏற்கெனவே போதுமான புகார் இருக்கிறது.

கம்பளியே இல்லை, செயற்கை நூல் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். முடி பொசுங்குகிற நாற்றம் வந்தது, நெருப்பை எடுத்ததும் தானே அணைந்தது, சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியானது. அக்ரிலிக்காக இருந்தால் உருகிக் கறுப்பு மணி மாதிரி இறுகியிருக்கும். ஆக, கம்பளிதான். பிறகு எங்கே பிசகு என்று இரண்டு மேலுறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பழைய உறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் கை வைத்த படம், அதாவது கையால் மட்டும் துவைக்க வேண்டும். புது உறையில் அந்தக் கை இல்லை, தொட்டிக்குள் 40 என்று எண் இருக்கிறது, அதாவது மெஷினில் துவைக்கலாம். கடுகு அளவுப் படம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெஷினில் போட்டாலும் சுருங்காத கம்பளிக்கு சூப்பர்வாஷ் என்று பெயர் என்பதும், பொதுவாகக் குளோரின் கொடுத்துச் செதிலின் முனையை மழுக்கி மேலே மெல்லிய பிசின் பூச்சு பூசுவார்கள் என்பதும், அது நனைந்தால் தொய்ந்து பெரிதாகும் என்பதும் நூல் விற்கிற உங்களுக்குத் தெரியாதா? செதிலையே மழுக்கி மூடிவிட்டால் எதில் எது மாட்டும்? குழந்தை சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் அது நல்ல நூல், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சரக்கை மாற்றிவிட்டு, பெயரையும் நிற எண்ணையும் மாற்றாமல், "ஃபெல்டிங்குக்கு ஏற்றது" என்ற வரியையும் எடுக்காமல் விற்றது யார்? நான் முதல் கடிதத்திலிருந்து கேட்கும் ஒரே கேள்வி இதுதான்: இந்த நூல் சூப்பர்வாஷா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற பதில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிரிக்காத உருண்டைகளில் ஆறை நகைக்கடைத் தராசில் நிறுத்தேன், உறையோடு சேர்த்தே ஒன்றுகூட 47 கிராமைத் தாண்டவில்லை. கம்பளி காற்றில் இருக்கிற ஈரத்தை நன்றாக இழுக்கிற சரக்கு. கடலோரத்தில், அதுவும் அடைமழைக் காலத்தில், எடை கொஞ்சம் கூடினால்தான் நியாயம், குறைந்தால் என்ன கணக்கு?

கொடைக்கானல் கடைக்காரர் டிசம்பர் கூட்டத்துக்குச் சரக்கு வேண்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். ஒரு தொப்பி 950 ரூபாய் வீதம் பத்துக்கு 9,500 போனது. அதை உங்களிடம் கேட்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போதைக்கு நான் கேட்பது: 30 உருண்டைக்கும் கொடுத்த 7,200 ரூபாய் திரும்ப வேண்டும். இதில் 18 உருண்டை உறை பிரிக்காமல் இருக்கிறது, கூரியர் செலவு உங்களுடையது. அந்த விற்பனைப் பக்கத்தில் ஃபெல்டிங் என்ற சொல்லையும் தொப்பிப் படத்தையும் எடுத்துவிட்டு சூப்பர்வாஷ் என்று தெளிவாகப் போடுங்கள், என்னைப் போல இன்னொருத்தி 104 கண்ணி ஏற்றுவதற்கு முன்னால்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் கடிதம் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கும் தண்ணீர்க் கதைதான் பதில் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், அடுத்தது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் இருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான்.

பெரிதாகிப்போன தொப்பிகளையும் சான்றுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். மூன்றுதான் வரும். நான்காவதை வீட்டுக்காரர் ஐஸ் பெட்டிக்கு எடுத்துப் போய்விட்டார், சும்மா சொல்லக் கூடாது, அதற்குச் சரியாக இருக்கிறதாம்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, பழைய உறை, புது உறை, சோதனைத் துண்டுகளின் போட்டோ நான்கு, தராசு போட்டோ ஆறு