குறைக்கச் சொன்னது போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் முதியோர் உணவு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எண்ணெயைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், இனிப்பைத் தொடாதீர்கள், இரவில் அரை வயிறு போதும், நன்றாக ஓய்வெடுங்கள். இவற்றில் எதையும் தவறு என்று தள்ளிவிட முடியாது. உப்பும் சர்க்கரையும் என்ன செய்யும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அத்தனை நீளக் கட்டுரையில் ‘தசை’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மாவை ஏறக்குறைய படுக்கையில் தள்ளியவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 78 வயதில் கொலஸ்ட்ரால் சற்றுக் கூடியது. நான் பயந்துபோய் முட்டையை நிறுத்தினேன், பாலைப் பாதியாக்கினேன். பல் வலிக்கிறது என்றார். மெல்லத் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் குழைய வேகவைத்துக் கொடுத்தேன். பை தூக்க விடவில்லை, படி ஏற விடவில்லை, துவைத்த துணியைப் பிழிந்து உலர்த்தக்கூட விடவில்லை. “நீ உட்காரம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! எடை குறைந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் வழுக்கியபோது, அதன் வாரில் ஊசியால் புதிதாக ஒரு துளை போட்டுக் கொடுத்தேன். சில மாதங்களில் இன்னொரு துளை. கரைந்துகொண்டிருந்தது கொழுப்பு மட்டுமல்ல என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் ஒரு காய்ச்சல். பத்து நாள் மருத்துவமனைப் படுக்கை. வீடு திரும்பியவரால் நாற்காலியிலிருந்து தானாக எழ முடியவில்லை. கைப்பிடியை இரு கைகளாலும் அழுத்துகிறார், முழங்கால் நடுங்குகிறது, பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்துவிடுகிறார். காய்ச்சல் போய்விட்டதே, பிறகு ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. நாற்பது வயதைத் தாண்டியதிலிருந்தே நம் தசை சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. 1989இல் இதற்கு ‘சார்கோபீனியா’ என்று பெயர் வைத்தார்கள். படுக்கை இதை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதற்கு 2007இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒழுங்காகச் சாப்பிடாமல் மெலிந்து, காய்ச்சலும் கண்ட உடம்பு என்னவாகும்?

உணவு விஷயத்தில் நாம் செய்யும் பெரிய பிழை, வயதானால் எல்லாமே குறைவாகப் போதும் என்று நினைப்பது. எரிசக்தித் தேவை குறைகிறது, உண்மை. புரதத் தேவை குறைவதில்லை, கூடுகிறது. முதிய தசை புரதத்தை எடுத்துக்கொள்வதில் மந்தமாகிவிடுவதே காரணம். பொதுவாக வயதுவந்தவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பார்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013இல் நிபுணர் குழு ஒன்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடையுள்ள என் அம்மாவுக்கு அது 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நான் அன்பாக ஊட்டிய குழைவான மாவுச்சத்தைக் கணக்குப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பல்வலியை நான் மூன்று மாதம் கவனிக்காமல் விட்டதும் பிழைதான். பல் மருத்துவரிடம் போயிருந்தால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும்.

ஆனால் சாப்பாடு மட்டும் போதாது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில்! 1994இல் இதையே நூறு பேரிடம் விரிவாகச் செய்தபோது இன்னொன்றும் தெரிந்தது. உடற்பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசை பலம் கூடவில்லை. முதியோருக்கென்று டப்பா டப்பாவாக மாவு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவர்களை நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கும் பிள்ளைகள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

கட்டுரையில் தினமும் 10,000 காலடி நடக்கச் சொல்லியிருந்தீர்கள். அந்த எண் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடையளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. சராசரியாக 72 வயதுள்ள பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரத்தைப் பார்த்து மலைத்து, நடக்கவே கிளம்பாமல் இருந்துவிடுபவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! நடையோடு தசைப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும், விழாமல் நிற்கப் பழகும் சமநிலைப் பயிற்சி மூன்று நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டையும் கட்டுரை விட்டுவிட்டது.

வயதானபின் முயன்று பயனில்லை என்று நினைப்பது இன்னோர் இடத்திலும் உண்டு. “இந்த வயதில் புகையை விட்டு என்ன ஆகப்போகிறது” என்று புகைப்பவர்கள் சொல்வதும் இதே வகைதான். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 60 வயதில் நிறுத்தியவர்களுக்கும் சுமார் மூன்று ஆண்டு ஆயுள் மிஞ்சியது.

அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் எந்தக் கருவியும் கொண்டுவரவில்லை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். “கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். எழுந்திருங்கள், மெதுவாக உட்காருங்கள்.” முதல் நாள் ஒன்றுகூட முடியவில்லை. உயரத்துக்காக ஒரு தலையணையை மடித்து வைத்தபின் இரண்டு முறை எழுந்தார். மூன்றாவது வாரம் தலையணையை எடுத்துவிட்டோம். நான்கு மாதத்தில் தொடர்ந்து பத்து முறை. இப்போது அம்மாவுக்கு 81. துணியை அவரே பிழிந்து உலர்த்துகிறார். நான் கையை நீட்டினால் “நகர்ந்து நில்” என்கிறார்.

என் கோரிக்கை இதுதான். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலைக் கட்டம் கட்டிப் போட்ட அதே இடத்தில், நாற்காலியிலிருந்து எழும் அந்தப் பயிற்சியைப் படத்தோடு ஒரு முறை வெளியிடுங்கள். கண் மங்கியவர்களும் படிக்கும்படி எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி