முறைக்காய்ச்சல் (மலேரியா) மருந்தான கொயினா கேட்டு மூன்றாவது மனு

ஜில்லா ஹெல்த் ஆபீசர் அவர்கள் சமூகத்துக்கு,

கல்லணைக் கால்வாயின் கடைமடைக் கிராமக் குடிகளுக்காக ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சுபானு வருஷம், ஐப்பசி மாதம் (1943).

ஐயா,

சித்திரையில் ஒரு மனு அனுப்பினோம், ஆடியில் இன்னொன்று. வந்து சேர்ந்தது என்று ஒரு கார்டுகூட இல்லை. போன வருஷம் தாங்களே மதகடியில் காரை நிறுத்திவிட்டு வந்து, எங்கள் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வயிற்றில் கட்டி இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தீர்கள். ஆகையால் ஊர் எது என்று விவரிக்க வேண்டியதில்லை.

1. ஆஸ்பத்திரி டாக்டர் பட்டாளத்துக்குப் போய்ப் பத்து மாதம். பதில் டாக்டர் வரவில்லை. கம்பவுண்டர்தான் பார்க்கிறார். நல்ல மனுஷர், அவர்மேல் புகார் இல்லை.

2. பஞ்சு, டிங்சர் தட்டுப்பாடு. யுத்தகாலம், பொறுத்துக்கொள்கிறோம்.

3. பொறுக்க முடியாதது கொயினா இல்லாததுதான். 1934-இல் மேட்டூர் அணை திறந்தார்கள், புது ஆறு என்கிற இந்தக் கால்வாயில் தண்ணீர் வந்தது, பின்னாலேயே முறைக்காய்ச்சலும் வந்தது. கரை போட மண் வெட்டிய குழிகள் இன்னும் தூர்க்கப்படாமல் கிடக்கின்றன. பட்டுக்கோட்டைப் பக்கம் அமெரிக்க டாக்டர்கள் தங்கி இந்தக் கொசுவை ஆராய்ந்ததும் தாங்கள் அறிந்ததே. இப்போது ஜாவா ஜப்பான்காரன் கையில், அதனால் கொயினா வராது என்கிறார்கள். சரி. நீலகிரியில் நம் மாகாண சர்க்காரே சின்கோனா மரம் பயிரிட்டு நடுவட்டத்தில் கொயினா எடுக்கிறதே, அது எங்கே போகிறது? பட்டாளத்துக்கு என்றால், அங்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்களின் தாய்மார் இங்கே போர்வைக்குள் நடுங்குகிறார்கள்.

ஆறு மைல் வண்டி கட்டிப் போனால் ஒருநாள் மாத்திரை. மறுநாளைக்கு மறுபடி ஆறு மைல். என் மகளுக்கு ஒன்பது வயது. ஆவணியிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க்காய்ச்சல். கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள், பல் கிட்டிக்கொள்ளும், பலகையை வைத்துவிட்டு நெல் சாக்கைப் போர்த்திக்கொண்டு வகுப்பு மூலையில் சுருண்டுவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை அந்த ஒருநாள் மாத்திரையும் இல்லை. நிலவேம்புக் கஷாயம் கொடுங்கள் என்றார் கம்பவுண்டர். நிலவேம்பு என் கொல்லையிலேயே முளைக்கிறது ஐயா, அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி?

4. பர்மா அரிசி நின்றுவிட்டது, நெல்லை அதிகம் விளைவியுங்கள் என்று தண்டோரா போடுகிறீர்கள். நடவுக்குப் பெண்கள் வரவில்லை. வந்தவர்களும் மத்தியானம் வரப்பில் படுத்துவிடுகிறார்கள். யார் நடுவது? தண்டோராக்காரனா?

5. கடைத்தெருவில் மறைவாகக் கொயினா விற்கிறது. விலை கேட்டுத் திரும்பி வந்தேன்.

6. டாக்டர் பிறகு வரட்டும். குழிகளை அப்புறம் தூர்க்கலாம். கொயினா அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்துக்காவது கணக்குப் பண்ணி, கார்த்திகை பிறப்பதற்குள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஊர்க் குடிகள்
கைநாட்டு 23, கையெழுத்து 6.

கையெழுத்துகளில் இரண்டு கோணலாக இருக்கும். அன்று அவர்களுக்குக் காய்ச்சல் முறை, மன்னிக்கவும்.