அப்டேட் போட்டதும் போன் நம்பர்கள் காணாமல் போனது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எங்கள் பில்லிங் மென்பொருளின் போன மாத அப்டேட்டுக்கு மறுநாள் காலை, கடை திறந்ததுமே உங்களில் பல பேர் எங்களைக் கூப்பிட்டீர்கள். பில் போடும்போது போன் நம்பரை அடித்தால் பெயரும் வரவில்லை, பழைய பாக்கியும் வரவில்லை. "எல்லாம் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டவர்களிடம் "இல்லை, சாயங்காலத்துக்குள் வந்துவிடும்" என்று மட்டும் சொன்னோம். வந்தும் விட்டது. ஆனால் ஏன் போனது என்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கணக்கு டேட்டாபேஸில், கோடு போட்ட பேரேடு மாதிரி பத்தி பத்தியாக இருக்கிறது. மென்பொருளில் புது வசதி வந்தால் பேரேட்டிலும் பத்தி சேர்க்க வேண்டிவரும். அந்த வேலையை இதுவரை ஹைபர்நேட் என்ற கருவியின் தானியங்கி வசதியிடம் விட்டிருந்தோம். அது எங்கள் புரோகிராமையும் உங்கள் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, குறைகிற பத்தியைத் தானே சேர்த்துவிடும். இந்த முறை நாங்கள் 'போன்' என்ற பத்தியின் பெயரை 'கைபேசி' என்று மாற்றினோம். பெயர்தான் மாறியது என்று அதற்கு எப்படித் தெரியும்? 'கைபேசி' இல்லையே என்று காலியாக ஒரு புதுப் பத்தியைச் சேர்த்துவிட்டு, நம்பர்கள் இருந்த பழையதை அப்படியே விட்டுவிட்டது. நல்லவேளை, அழிக்கவில்லை. சோதனைக்குத்தான் இந்த வசதி, நிஜ வேலைக்குப் படிப்படியாக எழுதிய ஸ்கிரிப்ட்தான் (நாமே எழுதிவைக்கும் கட்டளை ஃபைல்) நல்லது என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. படித்தும் சோம்பேறித்தனமாக இருந்தது நாங்கள்தான், மன்னியுங்கள்.

இனி ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசை எண் போட்ட தனித்தனி ஃபைலாக நாங்களே எழுதுகிறோம். ஃப்ளைவே என்ற கருவி அவற்றை எண் வரிசையில் ஓட்டி, எதுவரை முடிந்தது என்று உங்கள் டேட்டாபேஸிலேயே குறித்து வைக்கும். ஆறு மாதமாக நெட் இல்லாமல் கிடந்த கிளைக் கடை கம்ப்யூட்டர் என்றாலும், விட்ட எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு மற்ற கடைகளோடு சேர்ந்துவிடும். ஒருமுறை அனுப்பிய ஃபைலை நாங்கள் பிறகு தொட மாட்டோம், தப்பாக இருந்தால் அடுத்த எண்ணில்தான் திருத்தம். (எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விளையாடிப் பார்க்கும்போது பழைய தானியங்கியையே இன்னும் வைத்திருக்கிறோம், அங்கே அது சுகம்தான்.)

அடுத்த அப்டேட்டில் எச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டி பில்லில் பொருளின் வகையைக் குறிக்கும் எண்) திருத்தம் வருகிறது. அந்தப் பத்தியை ஆரம்பத்தில் எண்ணாக வைத்தது எங்கள் தவறு. தேயிலையின் 0902, எண்ணாகப் பதிந்ததும் 902 ஆகிவிட்டது. மிளகின் 0904-க்கும் அதே கதி. இப்போது பத்தியை எழுத்தாக மாற்றினாலும் 902 அப்படியேதான் நிற்கும், போன பூஜ்யம் தானாக வராது. எச்எஸ்என் கோடு 2, 4, 6, 8 என்று இரட்டைப்படை இலக்கத்தில்தான் வரும் என்பதால், ஒற்றைப்படையில் இருப்பவற்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் வைக்கச் சொல்லி ஃபைலில் எழுதியிருக்கிறோம். ஆனால் சில கடைகளில் அடிக்கும்போதே ஒரு இலக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால் பூஜ்யம் வைத்த பிறகும் அரசின் பட்டியலில் இல்லாத கோடுகளைத் தொடாமல், தனிப் பட்டியலாக உங்களுக்குக் காட்டுவோம். அதை நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நடுவில் கரண்ட் போனால்? உங்கள் கணக்கு இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் என்பதால், பாதியில் நின்ற ஃபைல் முழுதாகப் பின்வாங்கிவிடும், கரண்ட் வந்ததும் மறுபடி ஓட்டலாம். எல்லா டேட்டாபேஸிலும் இப்படி நடக்காது. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் முடிந்த பாதி முடிந்ததாகவே நிற்கும்.

வரும் ஞாயிறு இரவு 10 மணிக்கு ஆரம்பிக்கிறோம். அதற்குள் அன்றைய கணக்கை முடித்து, பென்டிரைவில் ஒரு பேக்கப் எடுத்து, கம்ப்யூட்டரை ஆன் செய்தே விட்டுவிடுங்கள். பில்லிங் திரை மட்டும் எந்தக் கவுன்டரிலும் திறந்திருக்கக் கூடாது, திறந்திருந்தால் அந்தத் திரை பேரேட்டைப் பிடித்து வைத்திருக்கலாம் (டேபிள் பூட்டு என்பார்கள்), அது விடும்வரை எங்கள் ஃபைல் காத்துக்கொண்டே நிற்கும். திங்கள் காலை ஏழு மணியிலிருந்தே போன் எடுப்போம்.